வினைக்கு முன்னால் நிற்கும் சொல்

1

நான் இந்த வீட்டில் தனியாக இருக்கலாமா, கூடாதா என்று பார்த்துச் சொல்ல நகராட்சியிலிருந்து ஓர் அம்மாள் வரப்போகிறார் என்று என் மகள் கலா தொலைபேசியில் சொன்னபோது, அடுப்பில் ரசம் நுரை கட்டிக்கொண்டிருந்தது. அணைத்துவிட்டு வந்து பேசினேன். பேச்சின் நடுவில் சந்தேகம் வந்து போய்ப் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும், சரியாகப் பார்த்தேனா என்று இன்னொரு சந்தேகம்.

“அப்பா, லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கேன், இருக்கேன்.”

“பயப்படாதீங்க. சும்மா நாலு கேள்வி கேப்பாங்க. விழுந்தீங்களா, கேஸ மறந்தீங்களா, அது மாதிரி.”

“நான் எப்ப விழுந்தேன்?”

“பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னல் வழியா உங்களப் பார்த்தாராம். மாடிப்படியில கெடந்தீங்களாம்.”

“உக்காந்திருந்தேன். பதிமூணு படி இருக்கு. எட்டாவது படியில மூச்சு வாங்கிச்சு, உக்காந்தேன். உக்காந்தா விழுந்ததா?”

“அதத்தான் அவுங்ககிட்ட சொல்லுங்க. ‘ஐ நெவர் ஃபால்’னு சொல்லிடுங்க. முடிஞ்சுது.”

முடிந்ததாம். கலா இங்கிலாந்தில் பிறந்தவள். ‘நெவர்’ என்ற சொல் அவள் வாயில் வெறும் காற்றுப்போல வந்து போகிறது. எனக்கு அப்படி இல்லை. அந்தச் சொல்லைச் சொல்லாமல்தான் இத்தனை காலமும் இந்த நாட்டில் ஓட்டியிருக்கிறேன்.

சரியான பதில் வராவிட்டால் எங்கே போக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். போன கோடையில் கலா ‘சும்மா பார்க்கலாம்’ என்று ஒரு முதியோர் இல்லத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நீளமான நடை, இடப்பக்கம் பதினோரு கதவு, வலப்பக்கம் பதினோரு கதவு. இருபத்திரண்டு கதவுக்குப் பின்னாலும் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டிலும் ஒரே நிகழ்ச்சி. நடையின் கோடியில் உட்கார்ந்திருந்த ஒரு கிழவர் என்னைப் பார்த்து, இடம் காலியாகப் போகிறது என்பதுபோலத் தலையசைத்தார். அன்றிலிருந்து இரவில் அந்தக் கதவுகள்தான் வருகின்றன.

கடலூரில் இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். இங்கிலீஷிலேயே கணக்குச் சொல்லிக்கொடுத்துப் பிழைத்தவன் நாலு கேள்விக்கு நடுங்குகிறானே என்று. கணக்கில் கேள்விக்குப் பயமில்லை. விடை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கும். நாம் சொன்னதால் அது மாறிவிடாது. இந்த மாதிரிக் கேள்விகள் அப்படியா என்பதுதான் எனக்குச் சந்தேகம்.

2

அறுபதுகளின் நடுவில் நானும் என் மச்சான் தனசேகரனும் கடலூர் முதுநகரில் ஒரே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்கள். என் மனைவி சரோஜாவின் அண்ணன் அவன். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது; ஒரே சைக்கிளைத்தான் மாற்றி மாற்றி ஓட்டினோம். ஆப்பிரிக்காவில் புதிதாகத் திறந்த பள்ளிகளுக்கு இந்திய ஆசிரியர்கள் வேண்டும் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. இருவரும் மனுப் போட்டோம். சிதம்பரத்துக்கு வா என்று இருவருக்கும் பதில் வந்தது.

இங்கிலீஷ் எழுதுவோம், படிப்போம். பேசத்தான் கிலி. அதிலும் எங்களை ஆட்டிவைத்தவை ஆறு சொற்கள்: ஆல்வேஸ், யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், செல்டம், நெவர். ஒரு காரியம் எத்தனை தடவை நடக்கிறது என்பதைச் சொல்லும் சொற்கள். இவற்றை நாங்கள் வாக்கியத்தின் தலையில் வைப்போம், இல்லாவிட்டால் வாலில் கட்டுவோம். ‘ஆல்வேஸ் ஐ கம் எர்லி.’ ‘ஐ கம் எர்லி ஆல்வேஸ்.’ வெள்ளைக்காரன் வயிற்றில் வைப்பான்: ‘ஐ ஆல்வேஸ் கம் எர்லி.’ வினைச்சொல்லுக்கு முன்னால், அதை ஒட்டி. ஆனால் ‘ஆம், இஸ், வாஸ்’ வந்தால் அவற்றுக்குப் பின்னால்: ‘ஐ ஆம் ஆல்வேஸ் எர்லி.’ ‘ஹேவ்’ கூட வந்தால் இரண்டுக்கும் நடுவில். புத்தகத்தில் படித்தால் புரிந்தது. நாக்குக்குத்தான் புரியவில்லை.

தனசேகரன்தான் ஒரு வழி கண்டுபிடித்தான்.

“மச்சான், இது ரயில்வே கேட்டு மாதிரி. வண்டி வர்றதுக்கு முன்னாடி கேட்ட மூடணும். வினை வர்றதுக்கு முன்னாடி ஆல்வேஸ் வந்து நிக்கணும். வண்டி போனப்புறம் மூடி என்னா பிரயோஜனம்?”

“அப்ப ஆம், இஸ்ஸுக்கு?”

“அதெல்லாம் லைன் பாக்குறவன் தள்ளிகிட்டுப் போற டிராலிடா. டிராலிக்கு எவன் கேட்டு மூடுறான்?”

சான்றிதழ்களைக் காட்டவும் கையெழுத்துப் போடவும் பல தடவை சிதம்பரத்துக்கு அலையவிட்டார்கள். முதுநகரில் பாசஞ்சர் ஏறினால் ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, பிறகு சிதம்பரம். ஒரு ஸ்டேஷனுக்கும் அடுத்த ஸ்டேஷனுக்கும் நடுவில் ஆளுக்கு ஒரு வாக்கியம் பிழையில்லாமல் சொல்ல வேண்டும் என்று விதி வைத்துக்கொண்டோம். வெள்ளாற்றுப் பாலத்தின் சத்தத்தில் சொன்ன வாக்கியம் செல்லாது.

ஒரு நாள் எதிரே காலிக் கூடையோடு ஒரு மீன்காரம்மா உட்கார்ந்திருந்தாள். எங்கள் வழக்கைப் புதுச்சத்திரத்திலிருந்து கேட்டுக்கொண்டே வந்தாள்.

“முன்னாடி நிக்கணும்டா.”

“எப்பவும் முன்னாடி இல்ல மச்சான், சிலதுக்குப் பின்னாடி.”

“முன்னாடிதான்.”

அவளுக்குப் பொறுக்கவில்லை. “என்னாய்யா நீங்க, கிள்ளை வந்துரும் போலருக்கு, இன்னும் எங்க நிக்கிறதுன்னு தெரியில. முன்னாடி நின்னா கரித்தூளு கண்ணுல வுழும். பின்னாடி நின்னா கக்கூசு நாத்தம். நடுவுல நில்லுங்களேன்.”

தனசேகரன் எழுந்து அவளைக் கும்பிட்டான். “அம்மா, நீதான் டீச்சரு.”

“கிண்டல் பண்ணாத தம்பி. வாத்தியாருங்க மாதிரி இருக்கீங்க, ஒரு வண்டியில நிக்கத் தெரியில.”

அப்புறம் எங்களுக்குக் கேட்டும் வேண்டியிருக்கவில்லை, டிராலியும் வேண்டியிருக்கவில்லை. தடுமாறும்போதெல்லாம் ஒருவன் மற்றவனிடம் “நடுவுல நில்லு” என்பான். நாக்கு சரியான இடத்துக்குப் போய்விடும்.

3

சிதம்பரத்தில் தெற்கு வீதிப் பக்கம் ஒரு லாட்ஜின் மாடியில் நேர்காணல். மேஜைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரர், பக்கத்தில் காகிதம் எடுத்துக்கொடுக்க ஒருவர். வராந்தாவில் ஒன்பது நாற்காலி. அதில் எட்டில் ஆள். முதலில் தனசேகரனைக் கூப்பிட்டார்கள். கதவு சாத்தவில்லை. ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது.

கணக்குக் கேள்விகள் முடிந்ததும் வெள்ளைக்காரர் உடம்பைப் பற்றிக் கேட்டார். அங்கே காய்ச்சல் அதிகமாம்; போனவர்களில் சிலர் பாதியில் திரும்பிவிட்டார்களாம். அடிக்கடி உடம்புக்கு வருமா என்றார்.

“ஐ நெவர் ஃபால் இல், சார்.”

நெவர் அத்தனை அழகாக நடுவில் நின்றது. வெளியே நானோ நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அவன் அதைச் சொல்லிவிட்டானே என்று.

நம் பக்கத்தில் வளர்ந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட ‘இல்லை’ என்று சொல்லமாட்டோம், ‘நெறஞ்சிருக்கு’ என்போம். குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் ‘என்னமோ இருக்குது’ என்போம். சௌக்கியமா என்று கேட்டால் ‘ஏதோ இருக்கோம்’. நன்றாக இருக்கிறேன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னால் எங்கோ ஒரு காது கேட்டுக்கொண்டிருக்கும். எனக்கு நோவே வராது என்று வாயால் சொன்னவன் நோவுக்குத் தன் விலாசத்தைக் கொடுத்த மாதிரி.

தமிழில் தப்பிக்க வழி இருக்கிறது. நம் வாக்கியத்தில் உண்டும் இல்லையும் கடைசியில்தான் வருகின்றன. ‘எனக்கு நோவுன்னு வந்து படுக்கிறது…’ என்று இழுத்துக்கொண்டே எதிராளியின் முகத்தைப் பார்க்கலாம். கடைசியில் ‘எப்பவாவது’ என்று முடிக்கலாம், முடிக்காமலே சிரித்துவிடலாம். இங்கிலீஷில் அந்த ஆறில் ஒன்றை முதலிலேயே தேர்ந்தெடுத்து நிறுத்தியாக வேண்டும். அப்புறம்தான் காரியமே வருகிறது. கேட்டை மூடியாகிவிட்டது; இனி வருகிற வண்டி வந்தே தீரும்.

என் முறை வந்தது. அதே கேள்வி. எனக்கும் அதுவரை காய்ச்சல், தலைவலி என்று ஒரு நாள் படுத்ததில்லை.

“ஐ சம்டைம்ஸ் ஃபால் இல், சார்.”

“என்ன நோய்?” என்றார்.

எனக்குச் சொல்ல எந்த நோயும் இல்லை. “சளி, சார்” என்றேன். அவர் காத்திருந்தார். “காய்ச்சலும், சார்.” அவர் பேனா ஓடிற்று.

தனசேகரனுக்கு வேலை கிடைத்தது. யாராவது வராமல் போனால் கூப்பிடுகிறோம் என்று எனக்குச் சொன்னார்கள். கீழே இறங்கி வந்து அவன் என்னைத் திட்டினான்: “ஏன்டா, இல்லாத சளிய எங்கேருந்து புடிச்சுகிட்டு வந்த?” கடலூருக்குத் திரும்பியதும் சந்தோஷத்தில் ஐஸ் போட்ட கரும்புச் சாறு வாங்கிக்கொடுத்தான். இரண்டு கிளாஸ். அவனுக்கு ஒன்று, எனக்கு ஒன்று.

வீட்டில் என் மாமியார் அவனிடம் கேட்டார்: “அவுரு என்னா கேட்டாரு, நீ என்னா சொன்ன?”

“எனக்கு நோவே வராதுன்னு சொன்னம்மா.”

மாமியார் முறத்தைக் கீழே வைத்தார். “அந்த வார்த்தைய எதுக்குடா வாயால சொன்ன?” உப்பும் மிளகாயும் எடுத்து அவனைக் கிழக்கே பார்க்க உட்காரவைத்துச் சுற்றி அடுப்பில் போட்டார். என் பக்கம் திரும்பி, “மாப்ள, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?” என்றார். மிளகாய் வெடித்தது, ஆனால் நெடி வரவில்லை என்றார். வந்தது என்றான் தனசேகரன். எனக்கும் வந்ததா வரவில்லையா என்று இன்றைக்கும் தெரியவில்லை.

கப்பல் ஏறுவதற்கு முன்னால் அவனுக்குக் கண் மஞ்சளாகியது. காமாலை. கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள், உப்பில்லாமல் சோறு போட்டார்கள், ஆஸ்பத்திரியில் வைத்தார்கள். ஒரு கட்டத்தில் பிழைப்பானா என்பதே கேள்வியாக இருந்தது. பிழைத்தான். டாக்டர் சர்டிபிகேட் தரவில்லை. அவன் இடம் எனக்கு வந்தது.

முதுநகர் ஸ்டேஷனுக்கு என்னை வழியனுப்ப வந்தான். சட்டை ஹேங்கரில் தொங்குவதுபோல் அவன் மேல் தொங்கிற்று. “பாத்தியா மச்சான்,” என்றான், “சம்டைம்ஸ்காரன் கப்பல் ஏறுறான், நெவர்காரன் பிளாட்பாரத்துல நிக்கிறான்.” எல்லாரும் சிரித்தார்கள். என் மாமியார் சிரிக்கவில்லை.

ஆப்பிரிக்கா, அப்புறம் இங்கிலாந்து, இந்த வீடு, கலா, எல்லாம் அதிலிருந்து வந்தவை. சரோஜா இருந்தவரை இதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. பேசாமல் இருப்பதே பாதுகாப்பு என்று இருவருக்கும் தெரியும்.

4

நகராட்சி அம்மாள் வருவதற்கு முந்தின நாள் தனசேகரனுக்கு போன் போட்டேன். காடாம்புலியூரில் மகன் வீட்டில் இருக்கிறான். முந்திரித் தோப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறான். தோப்புதான் அவனைப் பார்த்துக்கொள்கிறது.

“சொல்லு, இங்கிலீஷ்காரா.”

சொன்னேன்.

“நீ விழுந்தியா?”

“அதெல்லாம் கேக்காத.”

“புரிஞ்சுது, விழல. அப்ப ‘நெவர்’னு சொல்லிட்டுப் போயேன்.”

“நீ சொல்லித்தானே மச்சான்…”

“அட, இன்னுமா அதப் புடிச்சுத் தொங்குற? எனக்குக் காமாலை வந்தது நெவரால இல்ல. அன்னிக்குக் குடிச்சமே கரும்புச் சாறு, அந்த ஐஸால. டாக்டரே சொன்னாரு.”

“நானும் ஒரு கிளாஸ் குடிச்சேன்.”

போனில் அவன் வீட்டுச் சேவல் ஒன்று கூவியது.

“ஆமாம்ல,” என்றான். அப்புறம், “சரி வுடு. நடுவுல நில்லு” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

அவன் தைரியம் சொல்வான் என்றுதான் கூப்பிட்டேன். இப்போது பயப்பட இரண்டு பேர் ஆனோம்.

5

அந்த அம்மாள் பெயர் மார்கரெட். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நல்ல முகம், அதுவே எனக்குப் பயமாக இருந்தது. கலா காலையிலேயே வந்து, சமையலறை மேஜையைச் சுற்றி மூன்று நாற்காலி போட்டு, நான்காவதை மாடிக்குக் கொண்டுபோய்விட்டாள்.

சமைப்பீர்களா? ‘ஐ யூஷுவலி குக்’ என்றேன். நான் தினமும் சமைக்கிறவன். ஆனாலும் ஆல்வேஸ் வேண்டாம் என்று ஒரு படி கீழே இறங்கிக்கொண்டேன். அடுப்பை அணைக்க மறப்பதுண்டா? ‘ஐ செல்டம் ஃபர்கெட்.’ மார்கரெட் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். அந்தச் சொல்லைத் தன் தாத்தாவோடு புதைத்துவிட்டார்களே என்றார். கலா தலையில் கை வைத்துக்கொண்டாள். எல்லாச் சொல்லும் அதனதன் இடத்தில்தான் நின்றன. ஒன்றுகூட உண்மை இல்லை.

எப்போதாவது விழுந்திருக்கிறீர்களா என்று கேட்டார்.

வாயைத் திறந்தேன். அந்தச் சொல் தொண்டைவரை வந்தது. மஞ்சளான இரண்டு கண்கள் தெரிந்தன.

“சம்டைம்ஸ்” என்றேன்.

மார்கரெட்டின் பேனா நின்றது. எங்கே விழுந்தீர்கள், எத்தனை தடவை என்றார். வாழ்நாள் முழுக்க எல்லாவற்றையும் எண்ணியவன் நான். இதற்கு எண்ணிக்கை பூஜ்யம். சிதம்பரத்தில் சளியைத் தேடியதுபோல இப்போது ஒரு விழுதலைத் தேடினேன்.

அதற்குள் கலாவின் முகம் வெளுத்துவிட்டது. “அப்பா, எத்தன வாட்டி? எப்போ? ஏன் எனக்குச் சொல்லல?” அவள் அம்மா போன அன்றைக்குக் கேட்ட குரல். என்னை இல்லத்தில் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கப் பார்க்கிறாள் என்று நான் இரவெல்லாம் நினைத்த பெண் இவளில்லை. அவளும் பயந்துகொண்டுதான் இருந்திருக்கிறாள்.

“விழலம்மா,” என்றேன். “ஒரு வாட்டிகூட விழல.”

“அப்புறம் ஏன் விழுந்தேன்னு சொன்னீங்க?”

“விழலன்னு சொல்லக் கூடாதும்மா. சொன்னா…”

“சொன்னா?”

அதை எப்படிச் சொல்வது? உப்பு மிளகாயை அவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. மார்கரெட் என்னவென்று கேட்டார். கலா சோர்ந்துபோய் இங்கிலீஷில் சொன்னாள்: அவர் விழவில்லையாம், ஆனால் அதை வாயால் சொல்ல முடியாதாம்.

மார்கரெட் பேனாவை மூடினார். அவர் கேலி செய்வார் என்று எதிர்பார்த்தேன். தன் தாயாருக்குத் தொண்ணூறு வயது, இன்றும் தனியாகத்தான் இருக்கிறார், ஒரு நாளும் விழுந்ததில்லை என்றார். சொன்ன மறுகணம் மேஜையை விரல் முட்டியால் தட்டி, ‘டச் வுட்’ என்றார். சொல்லும்போது கண்ணில் ஒரு மின்னல் பயம். அந்தப் பயம் எனக்கு நன்றாகத் தெரிந்த பயம்.

இந்த வழக்கத்தை இங்கே பலர் செய்து பார்த்திருக்கிறேன். விளையாட்டு என்று நினைத்திருந்தேன். அன்றுதான் புரிந்தது: இவர்களும் அந்தக் காதுக்குப் பயந்தவர்கள்தான். முதலில் நெவரைச் சொல்லிவிட்டு, அப்புறம் மரத்தைத் தொட்டு மன்னிப்புக் கேட்கிறார்கள். வண்டி போன பிறகு கேட்டை மூடுகிறார்கள். அதுவும் செல்லுபடியாகிறது போலிருக்கிறது.

மேஜையில் கை வைத்தேன்.

“ஐ ஹேவ் நெவர் ஃபாலன்.”

தட்டினேன். ஒன்றுக்கு மூன்றாகத் தட்டினேன்.

மார்கரெட் எழுதிக்கொண்டார். படிக்கட்டில் இன்னொரு கைப்பிடி போட்டால் போதும், இங்கேயே இருக்கலாம் என்றார். கலா என் தோளைப் பிடித்து அழுத்தினாள். போகும்போது மார்கரெட் கை குலுக்கினார். அவர் கையும் குளிர்ந்துதான் இருந்தது.

6

கலா கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். நான் மேஜையருகே உட்கார்ந்து, என் இடப்பக்க மூலையைப் பார்த்தேன். அங்கே மேல்தாள் உரிந்து பல வருஷமாகிறது. உள்ளே தூளை அழுத்திச் செய்த பலகை. மேலே மர ரேகைபோல அச்சடித்த பிளாஸ்டிக் தாள். கடையில் வாங்கும்போதே தெரியும். நான்தான் பேரம் பேசினேன்.

நாற்காலிகளைத் தொட்டுப் பார்த்தேன். அலுமினியக் குழாய். கதவு பிளாஸ்டிக். ஜன்னல் பிளாஸ்டிக். சமையலறையில் மரம் என்று சொல்ல ஒரு தோசைக் கரண்டிப் பிடிகூட இல்லை. நெவர் சொல்லியாகிவிட்டது. எதையும் தொடவில்லை.

பின்பக்கத் தோட்டத்தில் ஒரே ஒரு பேரி மரம் இருக்கிறது. சரோஜா நட்டது. கதவை மெல்லத் திறந்துகொண்டு போனேன். காலை உறைபனி வெயிலில்லாமல் அப்படியே கிடந்தது. நடைபாதைக் கல் கண்ணாடி மாதிரி இருந்தது. ஒரு கால் வைத்தபோது வழுக்கிற்று. நின்றேன். இங்கே விழுந்தால் என்ன ஆகும் என்பதை நினைக்காமல் இருக்க ஆறு சொற்களையும் வரிசையாகச் சொன்னேன். அடுத்த காலை வைத்தேன். மரத்தை எட்டிப் பிடித்தபோது உடம்பு முழுக்க வியர்த்திருந்தது.

இரண்டு கையாலும் தொட்டேன். பட்டை ஈரமாக, சொரசொரப்பாக, நிஜ மரமாக இருந்தது. அப்புறம் திரும்பிப் பார்த்தேன். வீடு வெகு தூரத்தில் இருந்தது. மரத்தை விட முடியவில்லை.

ஜன்னலில் கலாவின் முகம் தெரிந்தது. மறுகணம் கதவு திறந்தது. கையில் சோப்பு நுரை, காலில் வெறும் வீட்டுச் செருப்பு. “அப்பா, என்ன பண்றீங்க அங்க?” என்று கேட்டுக்கொண்டே அந்தக் கல்லின் மேல் கால் வைத்துவிட்டாள்.

விழுந்துவிடாதே என்று கத்த வாய் திறந்தது. அந்த வினையை உச்சரிக்க நாக்கு மறுத்துவிட்டது.

“மெதுவா” என்றேன்.

அவள் ஒரு கையை நீட்டிக்கொண்டு வந்தாள். நான் ஒரு கையை மரத்தில் வைத்துக்கொண்டு மறு கையை அவளை நோக்கி நீட்டினேன். அவள் விரல்கள் என் கைக்குள் வந்து சேர்ந்த பிறகுதான் ‘வா’ என்ற சொல் எனக்கு வந்தது.